காலை ஆறு மணிப் பதிவு

ஆற்றங்கரை ஆஸ்பத்திரியின் மருந்தாளுநரும், என் அக்காவின் ஒரே செல்லமுமான மகாராணிக்கு,

மூன்று உலகத்துக்கும் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்ட உன் மாமா, லென்ஸ் தேய்க்கும் மேஜையில் உட்கார்ந்து எழுதுவது. எட்டு நாளாக உன் போன் மணியே அடிக்கவில்லை. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அதனால்தான் காகிதம். உங்கள் ஊருக்கு மருந்து ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் என்னிடம் கண்ணாடி போட்டவர். தண்ணீர் மறிக்கும் இடம்வரை போய், அங்கே படகுக்காரர் யாரிடமாவது இதைக் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் என் பராக்கிரமத்தைக் கேள். ஊருக்குப் போகும்முன் என் போனில் ஃபீட் ரீடர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாயே. "மாமா, நீங்க ஒவ்வொரு தளமா தேடி அலைய வேண்டாம். பிடிச்ச தளத்தோட முகவரிய ஒரு தடவ இதுல சேர்த்துட்டா, அங்க புதுசா எது வந்தாலும் இங்கயே வந்து நிக்கும்" என்றாய். சும்மா வருகிறது என்றால் விடுகிற ஆளா நான்? ஒரே வாரத்தில் அறுபத்து நாலு செய்தியோடைகளைச் சேர்த்தேன். வானிலை, கிரகணம், ஒட்டகப் பந்தயம், பழைய கடிகாரம் பழுதுபார்ப்போர் சங்கம். படிக்காதவை நாலாயிரத்து முந்நூறு என்று காட்டியது. பல் துலக்கிக்கொண்டே படித்தேன். சவரம் செய்துகொண்டே படித்து மீசையில் பாதியை இழந்தேன். உனக்குப் போன் செய்து புலம்பினால் மூச்சுமுட்டச் சிரித்தாய். "எல்லாத்தையும் தூக்குங்க மாமா. யார் வேணுமோ அவங்கள மட்டும் வைங்க."

தூக்கினேன். மிச்சம் இரண்டு. ஒன்று, நீ உன் அம்மாவுக்காக எழுதும் வலைப்பதிவு. இன்னொன்று, உங்கள் ஊர் நகராட்சியின் அறிவிப்புகள். அது என்னிடம் இருப்பது உனக்குத் தெரியாது. இல்லாமலே இருந்திருக்கலாம்.

உன் பதிவு தினமும் காலை ஆறு மணிக்கு டாண் என்று வருகிறது. செவ்வாய்க்கிழமை வந்ததில், பாலத்தில் நடந்துபோனேன், காற்று சுகமாக இருந்தது, ஆறு சாதுவாகக் கிடந்தது என்று எழுதியிருந்தாய். என் போனில் அதைப் படித்த அக்காவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியாடா, பக்கத்து வீட்டுக்காரி மழை மழைன்னு என்னை மிரட்டிக்கிட்டே இருக்கா. எம் பொண்ணு காத்து வாங்கிட்டு இருக்கா!" என்றாள்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன், அதற்கு நேர் கீழே, மாவட்டத் தலைநகரிலிருந்து போட்ட நகராட்சி அறிவிப்பு இருந்தது. பாலம் ஞாயிற்றுக்கிழமையே வெள்ளத்தில் போய்விட்டதாம். ஊரில் மின்சாரம் இல்லை, இணையம் இல்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் மூழ்கிவிட்டதாம். உன் மருந்தறை கீழ்த்தளத்தில்தானே அம்மாடி?

முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். கடையிலிருந்த பவர் கண்ணாடி அத்தனையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இல்லாத பாலத்தில் நீ நடந்துகொண்டுதான் இருந்தாய். அப்புறம்தான் நீ பெருமையடித்துக்கொண்டது நினைவு வந்தது. "வேலை நெருக்கினா பத்துப் பதினஞ்சு எழுதி, நேரம் குறிச்சு வெச்சிருவேன் மாமா. நான் மறந்தாலும் அது தானா போயிடும்."

எத்தனை எழுதி வைத்திருக்கிறாய்? பத்தா? பதினைந்தா? அது தெரியாமல்தான் செத்துக்கொண்டிருக்கிறேன். பதிவு வந்தால், அது தண்ணீர் வருமுன் எழுதியது. இன்றைக்கு நீ எப்படி இருக்கிறாய் என்று அது சொல்லாது. வராமல் போனால், எழுதி வைத்தது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதுகூட இல்லை. வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். ஐந்தே முக்காலுக்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். புலியைக் குளிப்பாட்டிய கை இது என்று உன்னிடம் எத்தனை தடவை அளந்திருப்பேன். அந்தக் கைக்கு ஆறு மணி ஆனதும் திரையைத் தொடத் துணிச்சல் வருவதில்லை.

இன்னொரு குற்றமும் செய்திருக்கிறேன். அக்காவே படித்தால் அடுத்த அறிவிப்பும் கண்ணில் படும். அதனால் செவ்வாய்க்கிழமையே, துடைத்துத் தருகிறேன் என்று அவள் கண்ணாடியை வாங்கி, காதில் மாட்டும் கால் இரண்டில் இடது காலின் திருகாணியைக் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். "ஒரு திருகாணிக்கு இத்தனை நாளா? நீயெல்லாம் ஒரு கண்ணாடிக்கடைக்காரன்!" என்று திட்டுகிறாள். கப்பலில் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். அது என் சட்டைப் பையில், ஒரு காகித மடிப்பில் இருக்கிறது. நேற்று வாசித்து முடித்ததும், "ஏன்டா, குரல் கம்முது?" என்றாள். ஜலதோஷம் என்றேன். அவள் வெந்நீர் வைக்கப் போனாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தால், எங்கே இணையம் கிடைக்கிறதோ அங்கிருந்து ஒரு வரி போடு. நலம் என்று எழுதாதே, அதை நீ முன்பே எழுதி வைத்திருப்பாய். பாலம், காற்று எதுவும் வேண்டாம். "இடது கால்" என்று மட்டும் போடு. இதைப் படிக்காமல் உன்னால் அதை எழுத முடியாது.

அந்த வரியை நான் வாசித்துக் காட்ட மாட்டேன் கண்ணு. திருகாணியை முடுக்கி, கண்ணாடியை அக்கா மூக்கில் மாட்டி, போனை அவள் கையில் கொடுத்துவிடுவேன். அவளே படிக்கட்டும்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அதில் இந்த எட்டு நாளும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆறு மணிக்காகக் காத்திருக்கும்,
உன் மாமா