அட்டையில் உள்ள பெயர்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

நாளை பதுளையில் கண்காட்சி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இறந்தவர்களின் சேலை, சாரத் துண்டுகளை ஒரே துணியாகத் தைத்திருக்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெயர். யோசனை, ஓவியம் படித்த சுகந்தியுடையது. பெயர் எழுதியது மட்டும் நான். பிழை வரக்கூடாதென்று வீடு வீடாக அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து எழுதினேன்.

இன்று மாலை பாக்கியம், துணியை விரித்து வைத்திருந்த பிரஜாசாலை மண்டபத்துக்கு வந்து தன் மகளின் பாவாடைத் துண்டைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"யாருங்க மாஸ்டர் இந்தப் புவனேஸ்வரி?"

"உங்க மகதாம்மா. அட்டையில அப்படித்தான் இருக்கு."

"அது ஓட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வச்ச பேருங்க. எம்புள்ள தங்கம். செத்த பொறகும் அவள அட்டையும் கையுமா கந்தோரு வாசல்லயா நிக்க வைக்கிறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பார்க்கலாம் என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பெயின்ட் காய்ந்துவிட்டது என்பதைக்கூடச் சொல்லத் தைரியமில்லை.

புறப்படும் முன் என் மனைவியின் துண்டைப் பார்த்தேன். ராஜலெட்சுமி. எழுத்து நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருநாளும் நான் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ராசு என்றுதான்.

லொறி ஏழு மணிக்கு வரும். நான்கரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். தூரிகையைக் கழுவி வைத்தாயிற்று. பழைய பெயருக்குக் கீழே இடமிருக்கிறது. முதலில் தங்கம் என்று எழுத வேண்டும். பிறகு லய வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது.

ராசு கடைசியில். நேரம் இருந்தால்.