அம்மாவின் கைக்கு வந்த இழைப்புளி

அன்புச் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நலம் என்று எழுதினால் ஒப்புக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய், ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னாயே, அன்றைக்கு முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கவாதம் வந்த கையால் அமுக்கிப் பழகச் சொல்லி மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் பந்தைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டாள். மறுநாள் பரண்மேல் கிடந்த இழைப்புளியை எடுத்துத் தரச் சொன்னாள், அவளுடைய அப்பா மரம் இழைக்க வைத்திருந்தது, அவர் போனபின் அவள் கேட்டு வாங்கிவந்த ஒரே பொருள். கட்டை வறண்டு, தகடு துருவேறி, அதை இறுக்கியிருந்த ஆப்பு அசைய மறுத்தது. ஆப்பைத் தட்டிக் கழற்றியது மட்டும்தான் என் வேலை. தகட்டை வினிகரில் ஊறப்போட்டு உப்புத்தாளால் தேய்த்தாள், வலது கை நழுவ நழுவ இடது கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பார்க்கப் பொறுக்காமல் நான் அதைக் கையிலிருந்து வாங்கப் போனேன், நீங்க தேய்ச்சா தகடு சரியாகும், என் கை சரியாகுமா என்று கேட்டாள்.

சாணைக்கல்லில் தீட்டி, கட்டைக்கு எண்ணெய் பூசி, ஒரு பலகையில் வைத்துத் தள்ளினால் இழைப்புளி துள்ளிப் பலகையைப் பிறாண்டிவிட்டது. அதை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், இனி தொடமாட்டாள் என்று நினைத்தேன். காலையில் நான் பால் காய்ச்சும்போது பின்னறையில் சத்தம், போய்ப் பார்த்தால் தகட்டை மயிரிழை உள்ளே இழுத்து ஆப்பை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். மறுபடி பலகையில் தள்ளினாள், ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, கோணல்மாணலாக ஒரு மரச்சுருள் வந்தது. அதை என் சட்டைப்பையில் செருகிவிட்டு, குளியலறைக் கதவு முட்டுதுன்னா பாத்துக்கலாம் பாத்துக்கலாம்பீங்களே, இப்ப கழட்டுங்க என்றாள். அந்தக் கதவு இப்போது முட்டுவதில்லை, நன்றாக மூடுகிற மற்றக் கதவுகளையும் ஒரு மாதிரி பார்க்கிறாள், எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பொத்தான் இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன், கரண்டி நழுவுகிறது, எதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆனாலும் வேலையை விடாதே கண்ணு. லீவு கிடைக்கிறப்ப மகளா வரட்டும், நர்ஸா வர வேண்டாம் என்று எழுதச் சொன்னதே அவள்தான்.

இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நிறைவாக வாழ எங்கள் ஆசி. உன் இருமலை இழுத்தடிக்காமல் டாக்டரிடம் காட்டு. கீழே அம்மாவின் பெயரையும் நானே எழுதப் போனேன், பேனாவை வாங்கிக்கொண்டாள், தாளை மட்டும் நகராமல் பிடிக்கச் சொல்கிறாள்.

அப்பா

அம்மா