அடி அண்ணாமலையில் இருபதாவது ஆள்

அந்துருண்டை வாசனை வீடு முழுக்க அடிக்கிறது. நேற்று மதியம் உன் தம்பி கொண்டுவந்த பார்சலைப் பிரித்ததிலிருந்து இப்படித்தான். "அக்கா, அலமாரிய ஒழிச்சோம். இதுமேல உங்க பேரு எழுதி வெச்சிருந்தாங்க, அதான் எடுத்தாந்தேன்" என்றான். பழுப்புத் தாளுக்குள் பச்சை ரெக்ஸின் அட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. உன் எம்.ஏ. ஆய்வேடு.

அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். கீரை ஆய்ந்தேன். பழைய பேப்பர்களை அடுக்கினேன். புத்தகத்தை மட்டும் தொடவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருந்த புத்தகம் அது. போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியும் விடமாட்டாய் போலிருக்கிறதே என்று உன்னை வாய்விட்டே திட்டினேன்.

எழுபதுகளின் கடைசி. பட்டணத்தில் தத்துவ வகுப்பில் ஆறு பேர், அதில் பெண்கள் நீயும் நானும். லீவு விட்டால் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவோம், அப்படித்தான் ஒட்டிக்கொண்டோம். நான் கீழ்பென்னாத்தூரில் இறங்கிக்கொள்வேன், நீ திருவண்ணாமலை வரை போவாய். இறங்கும்போது பாதியில் நிற்கும் விவாதத்தை, திரும்பிப் போகிற பஸ்ஸில் நீ அதே வாக்கியத்திலிருந்து ஆரம்பிப்பாய்.

எங்கள் வீட்டில் என் படிப்புக்கு 'சாமி படிப்பு' என்று பெயர். என் அத்தை விடமாட்டாள். "சாமியப் படிக்க எதுக்கு மெட்ராஸு? இங்க எதிர்லயே மலை கீதே. படிச்சு முடிச்சுட்டு இன்னா பண்ணுவா, சாமியாடுவாளா?" அதற்கப்புறம் வரிசையாகக் கேள்விகள். எப்ப முடியும்? வேலை கிடைக்குமா? வயசு ஏறிக்கினே போவுதே, மாப்பிள்ளை பாக்கலாமா? மணிலாக் கடலைச் செடி பிடுங்குகிற நாளில்கூடக் கொல்லையில் என்னைச் சுற்றிக் கேள்விகள்தான்.

உன் வீடு வேறு உலகம். செங்கம் ரோட்டில் மாடி அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தீர்கள். உன் அம்மா அலுத்துக்கொள்வார்: "இவனுங்களுக்கு மொளகா கம்மியா இருக்கணும், சாமி ஜாஸ்தியா இருக்கணும். நான் எங்க போறது?" நாம் தரையில் உருண்டு சிரிப்போம். உன்னோடு இருக்கும்போது மட்டும் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆய்வேடு எழுதுவது விருப்பம் இருந்தால்தான். நீ எடுத்துக்கொண்டாய், நான் அதற்குப் பதிலாக ஒரு பரீட்சையோடு தப்பித்தேன். மக்கள் ஏன் மலையைச் சுற்றுகிறார்கள் என்பது உன் கேள்வி. ஒரு பௌர்ணமியன்று நாற்பது பேரிடம் கேட்க வேண்டும், ஆளுக்கு ஒரு படிவம்: பெயர், வயது, ஊர், காரணம். உன் பேராசிரியர் நம் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். "அவங்க சொன்னத எழுதுங்கம்மா. சொல்லாதது ஒரு வரி இருந்தாலும் மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டுடுவேன்." செங்கம் ரோட்டுப் பக்கம் இருபது பேர் உனக்கு. மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலையில் இருபது பேர் எனக்கு.

அப்போது பௌர்ணமிக்கு இப்போதைப் போல ஜனம் நெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கே ஒரு டீக்கடைப் பக்கம் போய் நின்றுவிட்டேன். வயதைக் கேட்டால் யாரும் நேராகச் சொல்லவில்லை. "பெரிய காத்து அடிச்சு தென்னையெல்லாம் சாஞ்சுதே, அப்பதான் எனக்கு பல்லு வுழுந்துச்சு, நீயே கணக்குப் போட்டுக்கோ" என்றார் ஒருவர். "யுத்தத்துல அரிசிக்கு வரிசைல நின்னாங்களே, அப்ப நான் கைக்கொழந்த" என்றாள் இன்னொருத்தி. நான் 'சுமார்' போட்டுப் போட்டு எழுதினேன். காரணம் மட்டும் பளிச்சென்று வந்தது. காணாமல் போன மாடு வர வேண்டும், புருஷன் குடியை விட வேண்டும், மகனுக்கு வேலை வேண்டும்.

பத்தொன்பதாவதாக வந்தவள் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்த ஓர் அம்மாள். முதலில் என்னை அதட்டினாள். "இந்தப் பக்கம் வந்து நில்லும்மா. மலையோரம் சித்தருங்க நடக்கற பக்கம். அங்க செருப்போட நின்னுக்கினு இன்னா எழுதற?" நகர்ந்து நின்றேன். பதிலெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்: "சரி, நீ எதுக்கு சுத்தற?"

"நான் சுத்தலைங்க. படிக்கிறேன்."

"அடிப்பாவி! இவ்ளோ தூரம் வந்துட்டு?" என்று சிரித்தபடியே போய்விட்டாள்.

எனக்கு முகம் சுட்டது. நான் சுற்றுகிறவள்தான். யாருக்கும் தெரியாமல், லீவு நாட்களில், பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறேன். வகுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு நம்பிக்கையை அலசுகிறவள் இதை யாரிடம் சொல்வது? உன்னிடம் சொல்லக்கூட வெட்கம். இருபதாவது ஆளைக் கேட்கக் கால் எழவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து நானே எழுதினேன். முனியம்மாள், வயது 58, ஊர் அடி அண்ணாமலை. காரணம்: "வூட்ல எல்லாரும் என்ன எதனா கேட்டுக்கினே கீறாங்க. இந்த மலை ஒண்ணுதான் என்ன எதுவும் கேக்காது. அதான் வரேன்."

மறுநாள் உன் மாடியில் ஒவ்வொரு தாளாகப் படித்தாய். இருபதாவதில் கொஞ்சம் நின்றாய். "இவங்கள எங்க பாத்த?"

"அங்கதான், டீக்கடைகிட்ட."

"நல்லா சொல்லியிருக்காங்கடி. இன்னும் கொஞ்சம் பேச்சுக் குடுத்திருக்கலாம் இல்ல?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு அடுத்த வேலைக்குப் போய்விட்டாய்.

அது அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வாய்மொழித் தேர்வன்று நான் வராந்தாவில் நின்றேன். கதவுக்கு வெளியே வரை தேர்வாளரின் குரல் கேட்டது: "அந்த இருபதாவது பதில இன்னொரு தடவ படிங்கம்மா." கீழே குழாயடிக்கு ஓடிப்போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். நீ படிகளில் குதித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். அந்த ஆய்வேட்டுக்காகத்தான் உனக்கு விரிவுரையாளர் வேலையே கிடைத்தது. ஒழுக்கவியல் பாடத்தை நீ மாணவிகளுக்கு நடத்தினாய். அந்த வேலைக்கு அடியில் நான் வைத்த பொய் இருந்தது. யாராவது அடி அண்ணாமலைக்குப் போய் முனியம்மாளைத் தேடினால் உன் பட்டமும் போகும், வேலையும் போகும். என்னால்.

எண்பதுகளில் ஒரு தடவை திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பேச வந்தாய். நான் அதற்குள் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "அடி அண்ணாமலையில நாங்க கேட்டப்ப..." என்று நீ ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். பிறகு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாய். "ஏன்டி பாதியில போயிட்ட?" அன்றும் பஸ் என்றுதான் சொன்னேன். "உனக்கு எப்பவும் பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை.

கடைசியாக உன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ என் பேத்தியைப் பற்றிக் கேட்டாய். மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் விடச் சொன்னாய். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாய். நான் அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை, ஆனது ஆகட்டும் என்று திறந்தேன். பின்னிணைப்பில் நாற்பது வரிசை, முதல் இருபது நான் கேட்ட ஆட்கள். விரலை ஓட்டிக்கொண்டு போனேன். பதினெட்டு, பத்தொன்பது. இருபதாவது வரியில் முனியம்மாள் இல்லையடி! 'மாணவி. வயது 22. ஊர் கீழ்பென்னாத்தூர். பெயர் வெளியிட விரும்பவில்லை.' பதில் மட்டும் நான் எழுதியபடியே, ஒரு சொல் மாறாமல்.

அந்தப் பக்கத்தில் என் பழைய படிவத்தையும் மடித்து வைத்திருந்தாய். 58ஐ அடித்துவிட்டு 22 என்று எழுதியிருந்தாய். கீழே பென்சிலில் உன் கோழிக்கிறுக்கல்: 'பத்தொன்பது பேருக்கு வயது தெரியவில்லை. உன் முனியம்மாளுக்கு மட்டும் கரெக்டாத் தெரிந்திருக்கிறது. மக்கு! ஆளைத்தான் மாற்றினேன், மற்றதெல்லாம் உண்மைதானே? நீயே சொல்லும்வரை நான் கேட்கமாட்டேன்.'

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் வந்தது. பாவி, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அந்தத் தேர்வாளர் இரண்டு தடவை படிக்கச் சொன்னது ஒரு மாணவியின் பதிலை. மண்டபத்தில் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் நீ என்னைத்தான் சொல்லியிருப்பாய். உன் பட்டத்துக்கு ஒரு நாளும் ஆபத்து இருந்ததே இல்லை. எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டேன்! நெஞ்சு லேசாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து "இன்னா ஆன்ட்டி, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள்.

கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நீ காத்திருந்தாய் என்பதும் புரிகிறது. ஒருவர் தன் மனசைத் தானாகத் திறக்கட்டும் என்று நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்க உன்னால் முடிந்தது. நான் பஸ்ஸைச் சொல்லிக்கொண்டு ஓடியபோதெல்லாம் நீ வழியை விட்டு நின்றாய். வரும் பௌர்ணமிக்குச் சுற்றப்போகிறேன், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே போகிறேன்.

அந்தப் படிவத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. நீ திருத்தாமல் விட்டது. பேத்தியின் பென்சிலை எடுத்து, 'இந்த மலை ஒண்ணுதான் என்ன எதுவும் கேக்காது' என்ற இடத்தில் 'மலை ஒண்ணுதான்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'மலையும் என் சிநேகிதியும்தான்' என்று எழுதியிருக்கிறேன்.