அஸீமாவிடம் விட்டுவந்த சட்டை

கல்குடா
ஞாயிறு பின்னேரம்

அன்பான மகள் டினோஷாவுக்கு,

நீ உன் தாயை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டாய். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், அந்தக் குளிர் நாட்டில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் கேட்கிறேன். அப்பாவின் முழங்கால் நோ குறைந்து மூன்று நாளாகத் தோணியில் போகிறார், உன் தம்பி ஜொய்சனுக்குப் பாசிக்குடா ஹோட்டலில் வேலை நிரந்தரமாகிவிட்டது. போனில் பேசினால் நீ இடையில் விளக்கம் சொல்லத் தொடங்குவாய், அதனால் எழுதுகிறேன், ஜொய்சன் படம் பிடித்து அனுப்புவான்.

உன் கதை வந்த சஞ்சிகையை அவன்தான் கொண்டுவந்தான். உன் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் வாசித்தேன். ஒருத்தி கலியாண வீட்டுக்குப் போட ஓட்டமாவடி முஸ்லிம் தையல்காரியிடம் சாரிச் சட்டை தைக்கக் கொடுக்கிறாள், ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடிக்கிறது, அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவள் சட்டையை எடுக்கப் போகவில்லை. அது நான்தானே. அஸீமாவிடம் நீலப் பட்டுத் துணியைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டாமல் விட்டதை நான் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நீ அதற்கு முதல் வருஷமே வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டாய். கற்பனை என்பாய். பச்சைப் பட்டு என்று நிறத்தை மாற்றிவிட்டால் எனக்கு விளங்காதா?

போன ஞாயிறு பூசை முடிய பக்கத்து வீட்டு றொசானி என்னை மறித்து, உங்கட மகள் என்னைப் பத்தி எழுதியிருக்கா, பிள்ளை கோயில்ல முதல் நன்மை எடுக்கத் தைக்கக் குடுத்த சட்டைய நான் அஸீமாட்ட விட்டது அவவுக்கு ஆர் சொன்னது என்று சண்டைக்கு வந்தாள். பின்னால் நின்ற இன்னொருத்தி, அது நீங்க இல்ல, நான் என்றாள். எனக்குத் தலை சுற்றியது. ஒரு கதைக்குள் எத்தனை பேரைப் போட்டிருக்கிறாய்? அப்பா கேட்டுவிட்டு, நல்ல காலம் நான் உடுக்கிற சாரத்த மூட்டித் தைக்கக் குடுக்கல்ல என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மட்டும் பயத்தில் செய்த சின்னக் காரியம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நான் றொசானிக்கு ஒளித்தேன், அவள் எனக்கு ஒளித்தாள், ஒருவரோடு ஒருவர் பேசாமலே எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறோம். குண்டுக்குப் பிறகு இரண்டு ஊருக்கும் சமாதானக் கூட்டம் என்று வைத்தார்கள், வடை தின்று தேத்தண்ணி குடித்தோம், அங்கேயும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கே இருந்துகொண்டு நீ எப்படிக் கண்டாய்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

உனக்குச் சொன்னது அஸீமாதானா என்று கேட்க வியாழக்கிழமை ஓட்டமாவடிக்குப் போனேன். ஆள் மெலிந்துவிட்டாள், மூன்று மெசின் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. கதையா, உங்கட மகளோட நான் கதைச்சதே இல்ல என்றாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள். ஒரு தட்டு முழுக்கப் பைகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் குத்திய துண்டு. எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள்.

உன் கதையின் கடைசியில் அவள் ஒருநாள் எடுக்கப் போக, தையல்காரி சிரித்துக்கொண்டு சட்டையைக் கொடுத்துத் தேத்தண்ணியும் ஊற்றுகிறாள், அதோடு முடித்துவிட்டாய். அந்த இடம் பொய், மகள். அவ்வளவையும் சரியாக எழுதிவிட்டு அங்கே ஏன் பயந்தாய்? அஸீமா சிரிக்கவில்லை. என் பையை மடியில் வைத்துக்கொண்டு, குண்டு வச்சது நானா கா, எங்களுக்கும் பயம்தான், மறுகா ஏன் நீங்க வரல்ல என்று கேட்டாள். பிறகு வாறன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

மாதா உன்னோடு இருக்கட்டும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, காதை மூடித் தொப்பி போடு. வருகிற வியாழன் திரும்பவும் போகப்போகிறேன். கண்டறியாத ஆட்களின் மனதையெல்லாம் எழுதுகிற உனக்கு இது பெரிய வேலையில்லை. அவள் கேட்டதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலை எழுதி அனுப்பு. புதன்கிழமைக்குள் அனுப்பு.

உன் அம்மா
றீற்றா