உன் சுவரில் நான் போடாத கோடு

என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த அக்காவுக்கு,

பொங்கலுக்கு வெள்ளையடித்து ஆற்றோரத் தெரு முழுக்கப் பளிச்சென்று இருக்கிறது. உன் வீடு இருந்த இடத்தில் மட்டும் ஊமத்தை முளைத்துக் கிடக்கிறது. அங்கே இனி யாரும் வீடு கட்டக் கூடாதென்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டாயிற்று. எழுதிக் கொடுத்தவன் நான்தான். நீ போய் ஐந்து வருஷம் கழித்து எனக்குப் புத்தி வந்திருக்கிறது பார்.

இந்தக் கடிதத்தை நோட்டீஸாக அச்சடித்து, ஆற்றோரத்தில் வீடு வீடாகக் கொடுக்கப் போகிறேன். உன்னைப் பற்றி ஊரறிய ஒன்று எழுதினேன். அதை ஊரறியத்தான் திருப்பி வாங்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் டவுன் பஞ்சாயத்தில் ஓவர்சியர். நொய்யல் ஆற்றில் வெள்ளம் ஏறினால் எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் வருமோ, அந்த வீட்டுச் சுவரில் விளக்குக்கரியும் பசையும் குழைத்து ஒரு கருப்புக் கோடு போடுவது என் ஏற்பாடு. மேற்கே மலையில் பெருமழை என்று போன் வந்தால், எங்கள் பியூன் மாரப்பன் கோடு உள்ள வீடுகளுக்கு ஓடி எல்லோரையும் பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கிளப்ப வேண்டும். மாரப்பனுக்கு எழுத்துத் தெரியாது. அவனுக்காகத்தான் கோடு. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றை யோசிக்காமல் விட்டேன். பொங்கல் வந்தால் நம் ஜனங்கள் சுண்ணாம்பு அடிக்காமல் விடுவார்களா? ஒவ்வொரு தையிலும் கோடெல்லாம் வெள்ளைக்குள் போய்விடும். நான் கரிச்சட்டியும் மட்டையுமாகத் தெருத் தெருவாகப் போய் மறுபடியும் போடுவேன். நல்ல நாளும் அதுவுமாகப் புதுச் சுவரைக் கெடுக்க வந்துவிட்டான் என்று ஏச்சு வாங்குவேன்.

அந்த வருஷம் உன் வாசலுக்கு வந்தபோது, கம்பெனியிலிருந்து வந்த பனியன் மூட்டையைப் பிரித்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாய். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து சுவரை மறித்து நின்றாய். உன் மகள் சரசுவைப் பெண் பார்க்கப் பல்லடத்திலிருந்து வருகிறார்கள் என்றாய். மச்சானும் இல்லாத வீடு, தண்ணீர் புகுகிற வீடு என்றும் தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்றாய்.

“சரசு கண்ணாலம் முடியட்டும் கண்ணு. அப்பறம் எத்தனை கோடு வேணும்னாலும் போட்டுக்கோ.”

நான் சிரித்தேன், அக்கா. சரி என்று சிரித்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். ஆற்றில் வெள்ளம் வந்து வருஷக்கணக்காகிறது, ஆறு மாசத்தில் என்ன முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். சம்பந்தம் கூடிவந்தது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தோம்.

வெள்ளம் ஆடியிலேயே வந்துவிட்டது. நம் ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை. உச்சி வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஆறு செந்தண்ணீராக ஏறுகிறது. நான் பல்லடத்தில் ரோட்டு வேலைக்கு ஜல்லி அளந்துகொண்டிருந்தேன். சரசு கம்பெனிக்குப் போயிருந்தாள். மாரப்பன் ஓடிவந்து, கோடு பார்த்துப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறான். உன் சுவர் வெள்ளையாக இருந்தது. அவன் தாண்டிப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டு ராமாத்தாள் உன்னையும் கூப்பிட்டாளாமே. நீ வரவில்லையாம். நீ சொன்னதை அவள் என்னிடம் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு சோறாக இறங்குவதில்லை.

“நெசமாலுமே தண்ணி வர்ற ஊடா இருந்தா எந்தம்பி கோடு போடாம உட்டுட்டுப் போயிருப்பானா?”

கோடு வேண்டாமென்று நீயே கேட்டிருந்தும், ஆபத்து நிஜமென்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருக்க மாட்டேன் என்று நம்பியிருக்கிறாய். நீ சொன்னதைக் கேட்டு அக்கம்பக்கத்தார்கூட நம்பினார்கள். ஓவர்சியர் அக்கா வீடு ஆயிற்றே என்று தங்கள் மூட்டை முடிச்சையெல்லாம் உன்னிடம் கொடுத்துவிட்டு மேட்டுக்குப் போனார்கள். நீ ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாய். தண்ணீர் உள்ளே வந்தது, மண்சுவர் ஊறியது, ஆற்றுப் பக்கத்துச் சுவர் அப்படியே உன்மேல் சாய்ந்தது. நான் பஸ்ஸில் வந்து இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். எதிர்க் கரையில் நின்று உன் வீட்டைத் தேடினேன். கடைசி நேரத்தில் என்னை நினைத்தாயா? திட்டினாயா? திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. அந்த வீட்டில் ஏன் கோடு இல்லை என்று விசாரணையில் கேட்டார்கள். “வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் வந்ததையும், நீ கேட்டதையும், நான் சிரித்துக்கொண்டு போனதையும் மட்டும் எழுதவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். அந்தத் தாளைப் பஞ்சாயத்து போர்டில் ஒட்டினார்கள். ஊரே படித்தது. சரசுவும் படித்தாள்.

தன் கல்யாணத்துக்காகச் சுவரை அழகு பார்க்கப்போய் அம்மா செத்தாள் என்று அந்தப் பெண் ஐந்து வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். தாலி கட்டிக்கொண்டபோதும் அதே நினைப்பு. பிள்ளை பெற்றபோதும் அதே நினைப்பு. போன தீபாவளிக்கு என்னிடம் அதைச் சொல்லி அழுதாள். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் எனக்கு வைத்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆபீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

நேற்று அவள் மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள், கரிச்சட்டியோடு வரச் சொல்லி. அவர்கள் குடியிருப்பதும் ஆற்றுக்குப் பக்கத்தில்தான், பாலத்தை ஒட்டிய தெருவில். போனேன். சரசு “வாங்க” என்று சொல்லவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புதுச் சுண்ணாம்புச் சுவரோரம் நின்றாள். அச்சு அசல் நீ நின்ற மாதிரியே. ஆனால் மறிக்கவில்லை, விலகி நின்றாள்.

“அம்மா செவுத்துல போடாததை எஞ்செவுத்துல போடுங்க மாமா.”

போட்டேன். கோடு கோணிப்போயிற்று. அழித்துவிட்டு நேராகப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாங்க, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலை இருந்தாலும் போனாலும், இனி ஒவ்வொரு தையிலும் சுண்ணாம்பு காய்ந்த அன்றைக்கே ஆற்றோரத்துக்கு வருவேன். கல்யாணம், சீர், சடங்கு என்று யார் என்ன சொன்னாலும் ஒரு சுவரையும் விட மாட்டேன். நீயே எழுந்து வந்து மறித்தாலும், தள்ளி நில் அக்கா என்று சொல்லிவிட்டுக் கோடு போடுவேன்.

உனக்கு ஒருமுறைகூட முடியாது என்று சொல்லத் தெரியாமல் போன
உன் தம்பி