'அனுப்பவேண்டியவை'யில் சிக்கிய கடிதம்

அனுப்புநர்:
தையல் மிஷின் பழுதுபார்ப்பவர்,
மாடிப்படிக்குக் கீழுள்ள கடை,
கடைத்தெரு.

பெறுநர்:
குறைகேட்பு அலுவலர் அவர்கள்,
இணைப்பில்லா அஞ்சல் மற்றும் செய்திக்குழு வாசிப்பான் பிரிவு.

பொருள்: அனுப்பாத கடிதத்தைத் திரும்ப எடுக்க வசதி கோருதல் – குடும்ப அமைதி கருதி அவசரம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கடையில் ஒரே தொலைபேசி. கணினியை அதன் வழியே இணையத்தில் இணைத்திருந்தால் வாடிக்கையாளர் அழைக்க முடியாது. ஆகவே கடை திறக்குமுன் ஒருமுறை இணைத்து, வந்தவற்றை இறக்கி, எழுதிவைத்தவற்றை அனுப்பி, துண்டித்துவிட்டுச் சாவகாசமாக வாசிக்க உதவும் தங்கள் மென்பொருளுக்கு நன்றி. இணையத்தில் கேள்வியும் பதிலும் எழுதிக்கொள்ளும் தையல் மிஷின்காரர்களின் செய்திக்குழுவில் நான் பழைய உறுப்பினன். நூல் அறுகிறது என்று ஒருவர் எழுதினால் போதும், குழுவே திரண்டு வந்துவிடும். ஒவ்வொருவரும் முந்தையவர் எழுதியதை முழுதாக நகலெடுத்து, அடியில் "எனக்கும் அதே" என்று சேர்ப்பார்கள். அந்த நகல்களை மறைக்க வழி செய்தால் புண்ணியமாகப் போகும். இது அவசரமில்லை.

2. அவசரம் இதுதான். சாப்பிடும்போதும் செய்திக்குழுவே கதியென்று கிடந்தேன் எனக் கோபித்துக்கொண்டு என் மனைவி தாய்வீடு சென்றார். எழுதுவார் என்று காத்திருந்தேன். ஒரு வரி வரவில்லை. பொறுமை போய், "அங்கேயே இருந்துகொள், இங்கே நிம்மதியாக இருக்கிறது" எனத் தொடங்கி, அவருடைய அம்மாவின் குணநலன்கள் வரை விரிவாக ஒரு கடிதம் எழுதி, அடுத்த இணைப்பில் போகும்படி 'அனுப்பவேண்டியவை'யில் சேர்த்தேன். நிம்மதி என்று எழுதியது பச்சைப் பொய்.

3. அன்றே, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எதற்கோ என் கணினியைப் பார்த்தவர், "அண்ணே, அண்ணி எழுதினதெல்லாம் குப்பையில கிடக்குதே!" என்றார். மாமியார் தினமும் அனுப்பும் உடல்நலக் குறிப்புகள் தாங்காமல், அவர் முகவரியிலிருந்து வருவதை ஒதுக்கித்தள்ளுமாறு மென்பொருளுக்கு நானே முன்பு உத்தரவிட்டிருந்தேன். மனைவியும் அதே முகவரியிலிருந்துதான் எழுதியிருக்கிறார். கடைசிக் கடிதத்தில், "நான் வரட்டுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

4. "உடனே வா" என்று எழுதினேன். ஆனால் தங்கள் மென்பொருள் வரிசை தவறாது. முதலில் எழுதியதே முதலில் போகும். அதை நீக்கப் பொத்தான் இல்லை. அனுப்பிய கடிதத்தை மட்டுமே அழிக்கலாமாம். எனவே கணினிக்கு வரும் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இம்மனுவைத் தாளில் எழுதுகிறேன். தொலைபேசியில் பேசலாமே என்று தாங்கள் கேட்கலாம். எடுப்பவர் மாமியார். எப்போது கேட்டாலும் மகள் குளிப்பதாகச் சொல்கிறார். ஒருவர் நாள் முழுவதும் குளிக்க இயலாது என்பது என் பணிவான கருத்து. நேரில் செல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இதுவரை எழுதிவிட்டு உறை வாங்கப் போயிருந்தேன். கழன்று கிடந்த கம்பியைக் கண்ட ஜெராக்ஸ் கடைக்காரர், உதவுவதாக நினைத்துச் செருகி, இணைத்தும் விட்டார். முதலில் ஏச்சு, அதன் பின்னாலேயே கெஞ்சல் என இரண்டும் போய்ச் சேர்ந்தன.

அன்று மாலையே மனைவி பெட்டியோடு வந்து இறங்கினார். கோபக் கடிதத்தை முழுக்க அச்செடுத்து வந்திருந்தார். "கல்யாணம் ஆனதிலேருந்து இவ்வளவு நீளமா நீங்க எனக்கு எழுதினதே இல்ல. அம்மாவைப் பத்தின பக்கத்துக்கு மட்டும் பதில் இருக்கு. உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பதில் நெடுநேரம் நீண்டது. ஐயா, அவர் குரல் இல்லாமல் வீட்டில் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன்.

ஆகவே, அனுப்பாத கடிதத்தை நீக்கும் பொத்தானை அடுத்த பதிப்பில் சேர்த்து உதவுமாறு வேண்டுகிறேன். இதைப் படித்துப் பார்த்த என் மனைவி, அந்தப் பொத்தான் கணவன்மார் கைக்குச் சட்டென்று எட்டாத இடத்தில் இருக்கட்டும் என்று எழுதச் சொல்கிறார். நானும் அதை வழிமொழிகிறேன்.

நாள்: அவர் வந்த மறுநாள்
இடம்: கடை

இப்படிக்கு,
(ஒப்பம்)
தையல் மிஷின் பழுதுபார்ப்பவர்