கசட்டில் துள்ளிய முள்

3 மார்ச் 1964, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கே இரும்பு வார்க்கும் பவுண்டரியின் தகரக் கூரை கொதிக்கிறது. உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசட்டில், நான் செய்த மீட்டர் பொருத்திய கோலை இறக்கினேன். கசட்டோடு இரும்பு எவ்வளவு வீணாகப் போகிறது என்று மீட்டர் முள் காட்ட வேண்டும். நேற்று ஒழுங்காக நின்ற முள் இன்று துள்ளுகிறது. போன வெள்ளியும் இப்படித்தான். அதற்கு முந்தின செவ்வாயும்.

சனிக்கிழமை முதலாளி பார்க்க வருகிறார். முள் நிற்காவிட்டால் கோல் குப்பைக்கு, நான் வீட்டுக்கு. எவனோ கை வைக்கிறான்.

வாங்க: சோப்பு, ரிப்பன், தலைவலித் தைலம்.

4, புதன்

முள் அசையவில்லை. செவ்வாயும் வெள்ளியும் கரி லாரி வரும் நாள். டிரைவர் எங்களுக்குப் போட்டியான திருச்சிப் பவுண்டரிக்கும் கரி இறக்குகிறவன். அவனோடு நம் சூசைக்கு என்ன குசுகுசு? உலையின் மேல் வாயில் கரியும் இரும்பும் போடுகிறவன் சூசை. ஆவூர்க் கிறிஸ்தவன். தவக்காலம், கறி தொடுவதில்லை. அதனால் நல்லவன் ஆகிவிடுவானா?

கேட்டுவிட்டேன். "உலையில என்னத்தடா போடுற?"

"போடச் சொன்னதத்தாங்க போடுறேன்."

குனிந்த தலை நிமிரவில்லை. போதாதா?

5, வியாழன்

முதலாளியிடம் சொல்லிச் சூசையை நிறுத்தியாயிற்று. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். கள்ளம் இல்லாதவன் கத்தியிருப்பான். சூசை எடுத்து வரும் மத்தியானச் சாப்பாட்டை இன்று வேறு பையன் எடுத்து வந்தான். கத்தரிக்காய் கசப்பு.

6, வெள்ளி

லாரி வந்தது. முள் அசையவில்லை! நான் நினைத்தது சரி. விசிலடித்துக்கொண்டே வீடு வந்தேன். வாசலில் என் சம்சாரம் மரகதம்.

"சாப்பாடெடுக்க நேத்தும் இன்னைக்கும் சூசை வரலியே. அப்ப இன்னைக்கு உப்ப யாருங்க போடுறது?"

"எந்த உப்பு?"

செவ்வாய், வெள்ளி சாப்பாட்டோடு உப்பும் மிளகாயும் கொடுத்தனுப்புவாளாம். என் கோலுக்குத் திருஷ்டி சுற்றி உலையில் போட. என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு.

"ஒங்க கம்பி மேல ஊரு கண்ணு. போட்டா நெடியே வரலேன்னுச்சு அந்தத் தம்பி. அம்புட்டுத் திருஷ்டி! அதான் அடுத்தவாட்டி கூடக் குடுத்தேன்."

புகைபோக்கி இழுத்துக்கொண்டால் நெடி எங்கே வரும்! அந்த உப்புதான் கசட்டில் கலந்து முள்ளை ஆட்டியிருக்கிறது. கத்த வாயெடுத்தேன். எனக்காகச் செய்தவள். கத்தவில்லை. அவள் சம்சாரம் என்பதால் விட்டேன், சூசையை விட்டேனா?

7, சனி

முதலாளி வந்தார். முள் நின்றது. "அந்தத் திருட்டுப்பயல அனுப்புனதும் சரியாப்போச்சு பாத்தீங்களா!" தலையாட்டினேன். இன்று உப்பு நாளே இல்லை. சூசை இருந்தாலும் நின்றிருக்கும். அசிங்கமாக இருக்கிறது.

8, ஞாயிறு

ஆவூர் பஸ். பூசை முடிந்து கோயில் வாசலில் சூசை. கிட்டே போனேன். அவனே கேட்டான்.

"முள்ளு நின்னுச்சாங்களா?"

நின்றது என்றேன்.

"உப்பு விசயம் தெரிஞ்சுதான வந்திருக்கீங்க. அக்காவ ஏசிராதீங்க. அவங்க பேரு வரக்கூடாதுன்னுதான் வாயத் தொறக்கல."

நாளைக்கு வேலைக்கு வா என்றேன்.

"மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

இன்னும் இல்லை.